பாராமகாலில் இருந்து கிண்டி வரை

கிருஷ்ணகிரி மாவட்டம் நாகரசம்பட்டியில் யாராவது அரை ஏக்கர் மாந்தோப்பை விற்க வந்தால், வாங்க வருகிறவர் முதலில் கேட்பது மண் எப்படி, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்பதல்ல. "பட்டா யார் பேர்ல இருக்கு?" என்பதுதான். அப்புறம்தான் மற்றதெல்லாம். போச்சம்பள்ளி சிப்காட், ஓசூர் தொழிற்பேட்டை என்று நிலத்தின் விலை ஏறிய பிறகு இந்தக் கேள்வியின் கனமும் ஏறிவிட்டது.

இந்தப் பட்டாவுக்கும் சென்னை கிண்டியில் இருக்கும் கவர்னர் மாளிகைக்கும் ஓர் உறவு உண்டு. தமிழக அரசு போடும் எந்த ஆணையை எடுத்துப் பார்த்தாலும் கடைசியில் '(ஆளுநரின் ஆணைப்படி)' என்று ஒரு வரி இருக்கும். நில எடுப்பு ஆணையோ, ஒரு சத்துணவு மையத்துக்கான ஆணையோ, எதுவானாலும் அந்த வரி தப்பாது. அரசமைப்புச் சட்டத்தின் 166-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. மாநில அரசின் நிர்வாகச் செயல்கள் எல்லாம் ஆளுநர் பெயரில்தான் நடக்க வேண்டும். ஆனால் அந்த ஆணைகளில் பெரும்பாலானவற்றை ஆளுநர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

இது காகித உறவு. இதைவிடப் பழைய உறவு ஒன்று இந்த மண்ணுக்கே உரியது. தமிழகத்தின் கவர்னர் வரலாற்றில் தவிர்க்க முடியாத இரண்டு பெயர்கள் இந்தப் பகுதியோடு பிணைந்தவை. ஒருவர் ஸ்காட்லாந்திலிருந்து வந்து, இங்கே நிலம் அளந்து, பிறகு சென்னைக்கு கவர்னராகப் போனவர். இன்னொருவர் இங்கே பிறந்து, வங்காளத்துக்கு கவர்னராகப் போய், கடைசியில் இந்தியாவுக்கே கவர்னர் ஜெனரல் ஆனவர்.

கிளாஸ்கோ பையன்

தாமஸ் மன்றோ 1761-ல் கிளாஸ்கோவில் பிறந்தார். அப்பா வியாபாரி. அமெரிக்காவில் நடந்த விடுதலைப் போரால் அவருடைய வியாபாரம் நொடித்துப் போனது. பையன் கம்பெனிப் படையில் சேர்ந்து 1780-ல் சென்னை வந்து இறங்கினான். வந்த கையோடு ஹைதர் அலியோடு யுத்தம்.

1792-ல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் கையெழுத்திட்டபோது சேலமும் பாராமகாலும் கம்பெனி வசம் வந்தன. பாராமகால் என்றால் பன்னிரண்டு கோட்டைகளைக் கொண்ட சீமை என்று பொருள் சொல்வார்கள். இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகள் பெரும்பாலும் அதில் அடங்கும். (ஓசூர்ப் பக்கம் வந்தது 1799-ல், திப்பு வீழ்ந்த பிறகு.)

புதிதாகக் கிடைத்த சீமையை நிர்வகிக்க யாரை அனுப்புவது? சென்னையில் கம்பெனியின் சிவில் அதிகாரிகள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் ஊர் மொழி தெரிந்தவர்களைத்தான் தேட வேண்டியிருந்தது. கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் அவர்களை ஒதுக்கிவிட்டு, கேப்டன் அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரியை நியமித்தார். அவருக்கு உதவியாளர்கள் மூன்று பேர். மூவரும் பட்டாளத்துக்காரர்கள். அவர்களில் ஒருவர் மன்றோ. அவருக்கு தருமபுரி. ஏழு வருஷம் அங்கேயே இருந்தார். தருமபுரியில் தானே ஒரு தோட்டம் போட்டு வளர்த்தார். அதைப் பிரிந்து போனபோது பட்ட வருத்தத்தை ஊருக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார்.

ரீட்டும் அவருடைய உதவியாளர்களும் இங்கே செய்த வேலை என்ன? வயல் வயலாக நிலத்தை அளந்தார்கள். எந்த நிலம் யார் உழவில் இருக்கிறது, அதற்கு எவ்வளவு வரி என்று எழுதினார்கள். ஜமீன்தார் என்று நடுவில் ஒருவரை வைக்காமல், உழவரோடு சர்க்கார் நேரடியாகக் கணக்கு வைத்துக்கொள்ளும் முறை இப்படித்தான் உருவானது. ரயத்துவாரி என்று பள்ளிக்கூடப் பாடத்தில் இரண்டு வரியில் படித்துவிட்டு மறந்துபோகிற அந்த முறைக்குச் சோதனைக்கூடமாக இருந்தது பாராமகால்தான்.

அதே காலத்தில் வங்காளத்தில் காரன்வாலிஸ் 1793-ல் ஜமீன்தாரி முறையை நிரந்தரமாக்கிவிட்டார். அதையே சென்னை மாகாணத்திலும் கொண்டுவர வேண்டும் என்று மேலிடம் உத்தரவு போட்டது. மன்றோ வேறு சீமைக்கு மாறிப் போன பிறகு, 1802 முதல் சேலமும் பாராமகாலும் துண்டு துண்டாக 'மிட்டா'க்களாகப் பிரிக்கப்பட்டு ஏலம் விடப்பட்டன. ஏலம் எடுத்த மிட்டாதாரர்களில் பலர் தவணைப் பணத்தைக் கட்ட முடியாமல் சில வருஷங்களிலேயே விழுந்தார்கள். அப்படி விழுந்த மிட்டாக்கள் திரும்பவும் சர்க்கார் கைக்கு வந்து, ரயத்துவாரிக்கே போயின. மன்றோ சொன்னது சரி என்று காட்டியது லண்டன் விவாதமல்ல, இந்தச் சீமையின் கணக்குப் புத்தகம்தான்.

1820-ல் அவர் சென்னை கவர்னர் ஆனார். அதற்கு அடுத்த வருஷம் கிண்டி மாளிகை அரசு வசமாயிற்று. கவர்னரின் கிராமத்து வீடாக அதை உருவாக்கியதில் அவருக்குப் பங்குண்டு. ரயத்துவாரி மாகாணத்தின் பொது முறையானதும் அவர் காலத்தில்தான்.

கவர்னராக மன்றோ செய்தவற்றில் இன்றைக்கும் ஆச்சரியப்பட வைப்பது 1822-ல் அவர் கேட்ட ஒரு கணக்கு. மாகாணம் முழுக்க எத்தனை பள்ளிக்கூடங்கள், யார் யார் படிக்கிறார்கள் என்று எல்லா கலெக்டர்களையும் கேட்டார். பதில்கள் வந்து சேர வருஷக் கணக்கானது. 1826-ல் தொகுத்துப் பார்த்தபோது, சுமார் 1 கோடியே 28 லட்சம் மக்களுக்கு 12,498 பள்ளிகள் இருந்தன. ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு திண்ணைப் பள்ளி. ஆங்கிலேயர் வந்துதான் நமக்கு எழுத்தறிவித்தார்கள் என்று சொல்பவர்களுக்கு ஓர் ஆங்கில அரசின் கவர்னரே தொகுத்து வைத்த பதில் இது. பெண் குழந்தைகள் அந்தக் கணக்கில் மிகக் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தியர்களை உயர்ந்த பதவிகளில் அமர்த்தாமல் அவர்களை மேம்படுத்துவதாகப் பேசுவதில் அர்த்தமில்லை என்று 1824-ல் எழுதியவரும் மன்றோதான். அதே மனிதர் 1822-ல், பத்திரிகைச் சுதந்திரமும் அந்நிய ஆட்சியும் ஒன்றாக இருக்க முடியாது என்று எழுதினார். எது போக வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. சுதந்திரம்தான்!

ஒன்றை மறைக்கக் கூடாது. ரயத்துவாரி என்றதும் உழவரின் பொற்காலம் என்று நினைத்துவிட வேண்டாம். நடுவில் ஜமீன்தார் இல்லை என்றாலும், வரி கனமாகவே இருந்தது. மன்றோ இறந்து முப்பது வருஷம்கூட ஆகாத நிலையில், வரி வசூலுக்காக விவசாயிகளைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகாரை விசாரிக்க சென்னையில் ஒரு கமிஷனே அமைக்க வேண்டி வந்தது. 1855-ல் வெளிவந்த அதன் அறிக்கை அந்தக் கொடுமைகள் நடந்தது உண்மை என்றது. பட்டாவில் பெயர் ஏறியது. அந்தப் பெயருக்கு எதிரே எழுதிய தொகையை வசூலிக்க வந்தவர்கள் நல்லவர்களாக இருக்கவில்லை.

மன்றோ ஊர் திரும்ப விரும்பினார். பர்மா யுத்தம் வந்து தள்ளிப்போனது. யுத்தம் முடிந்து, பதவிக்கு அடுத்தவர் வருவதற்குள், தான் முன்பு கலெக்டராக இருந்த கடப்பை, பெல்லாரிப் பக்கத்து மக்களை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினார். வழியில் பத்திகொண்டாவில் காலரா கண்டது. 1827 ஜூலை 6-ஆம் தேதி அங்கேயே இறந்தார். அந்தப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு 'மன்றோலப்பா' என்று பெயர் வைத்தார்கள். மந்த்ராலயத்தில் ராகவேந்திரர் அவருக்கு மட்டும் காட்சி தந்து பேசினார் என்ற கதையும் உண்டு. கதை கதையாகவே இருக்கட்டும். ஒரு வரி வசூல் அதிகாரியைப் பற்றி மக்கள் இப்படிக் கதை கட்டினார்கள் என்பதே பெரிய விஷயம். சென்னை தீவுத்திடல் அருகே சேணம் இல்லாத குதிரையில் அவர் உட்கார்ந்திருக்கிறார். பிரான்சிஸ் சான்ட்ரி செய்த சிலை, 1839-ல் வைத்தது. அந்தச் சேணத்தைச் சிற்பி மறந்துவிட்டார் என்று ஊர் பேசும் கதையைப் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள்.

கைதான கவர்னர்

எல்லா கவர்னர்களுக்கும் இப்படி ஒரு மரியாதை கிடைக்கவில்லை. மன்றோவுக்கு முன்னால், 1776 ஆகஸ்ட் 24-ஆம் தேதி லார்டு பிகட் என்ற சென்னை கவர்னரை அவருடைய கவுன்சில்காரர்களே கைது செய்தார்கள். தஞ்சாவூர் ராஜாவுக்கு அவருடைய சீமையைத் திருப்பிக் கொடுக்க பிகட் முயன்றார். ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்திருந்த வெள்ளைக்காரர்களோ அந்தச் சீமையின் வருமானத்தை நம்பிக் காத்திருந்தார்கள். கடன்காரர்கள் ஜெயித்தார்கள். காவலில் இருந்தபடியே அடுத்த மே மாதம் பிகட் இறந்துபோனார்.

1806-ல் வேலூரில் சிப்பாய்கள் எழுந்தபோது கவர்னராக இருந்த வில்லியம் பென்டிங் திரும்ப அழைக்கப்பட்டார். பிற்காலத்தில் அவரே கவர்னர் ஜெனரலாக வந்து உடன்கட்டை ஏறுவதைத் தடை செய்தார்.

சார்லஸ் ட்ரெவெல்யான் கதை இன்றைய செய்தித்தாளில் வந்தது போலவே இருக்கும். 1860-ல் கல்கத்தாவின் நிதிப் பொறுப்பாளர் ஜேம்ஸ் வில்சன், இந்தியாவுக்கு வருமான வரியைக் கொண்டுவந்தார். 'தி எகானமிஸ்ட்' பத்திரிகையைத் தொடங்கிய அதே வில்சன்தான். சென்னை கவர்னரான ட்ரெவெல்யான், இந்த வரி சென்னைக்குத் தேவையில்லை என்று எதிர்த்தார். எதிர்த்ததோடு நிற்காமல் தன் எதிர்ப்புக் குறிப்பைப் பத்திரிகையில் வெளிவரச் செய்தார். மத்திய அரசின் வரியை மாகாணத்துக்காக எதிர்த்த கவர்னர்! லண்டன் அவரை உடனே திரும்ப அழைத்துக்கொண்டது. வில்சனும் அதே வருஷம் கல்கத்தாவில் இறந்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால், சில வருஷம் கழித்து அந்த நிதிப் பொறுப்புக்கே ட்ரெவெல்யான் வந்து சேர்ந்தார்.

அந்த நாற்காலியில் ஓர் இந்தியர் உட்கார 1934 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் தற்காலிகமாகத்தான். முகமது உஸ்மான் மூன்று மாதம் இருந்தார். 1936-ல் கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு சில மாதம் இருந்தார்.

1937 தேர்தலில் சென்னை மாகாணத்தின் 215 இடங்களில் 159-ஐக் காங்கிரஸ் பிடித்தது. ஆனாலும் ஆட்சி அமைக்க மறுத்தது. 1935-ஆம் வருஷச் சட்டம் கவர்னருக்கு 'விசேஷ அதிகாரங்கள்' கொடுத்திருந்தது. அமைச்சரவை சொல்வதைத் தள்ளிவிட்டுத் தானே முடிவெடுக்கலாம். அன்றாட நிர்வாகத்தில் தலையிட மாட்டோம் என்று உறுதி கொடுங்கள், அப்புறம் வருகிறோம் என்றது காங்கிரஸ். அதுவரை நாயுடு தலைமையில் ஒரு சிறுபான்மை மந்திரிசபை. வைஸ்ராய் ஓரளவு இறங்கிவந்து சமாதானம் சொன்ன பிறகு, ஜூலை 14-ஆம் தேதி பிரதமராகப் பதவியேற்றவர் ராஜாஜி. (அப்போது மாகாண முதல்வருக்குப் பிரதமர் என்றே பெயர்.) கவர்னர் எர்ஸ்கினோடு அவர் நல்ல முறையிலேயே நடந்துகொண்டார். ஆனால் 1939-ல் காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்தபின், ராஜாஜி கொண்டுவந்த கட்டாய இந்தியை 1940 பிப்ரவரியில் விலக்கிக்கொண்டவரும் அதே எர்ஸ்கின்தான். மக்கள் தேர்ந்தெடுத்தவர் திணித்ததை, யாரும் தேர்ந்தெடுக்காத வெள்ளைக்கார கவர்னர் நீக்கினார். வரலாற்றுக்கு நகைச்சுவை உணர்வு அதிகம்.

தொரப்பள்ளியில் பிறந்தவர்

ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி. 1878 டிசம்பர் 10-ஆம் தேதி ராஜாஜி பிறந்த ஊர். அப்பா அந்த ஊர் முன்சீப், அதாவது கிராமத்து வரிக் கணக்கோடு வாழ்ந்தவர். மன்றோ காலத்து ஏற்பாட்டின் கடைசிப் படியில் நின்ற உத்தியோகம் அது. ஓசூரில் பள்ளி, பெங்களூரில் கல்லூரி, சென்னையில் சட்டம், சேலத்தில் வக்கீல் தொழில் என்று வளர்ந்தார். அவர் பிறந்த வீட்டை அரசு இன்று நினைவில்லமாக வைத்திருக்கிறது.

1947 ஆகஸ்ட் 15. மேற்கு வங்காளத்தின் முதல் கவர்னராக ராஜாஜி பொறுப்பேற்ற நாள். சுபாஷ் சந்திர போஸோடு முரண்பட்டவர் என்பதால் வங்காளத்தில் அவருக்கு எதிர்ப்பு இருந்தது. சரத் சந்திர போஸ் வெளிப்படையாகவே எதிர்த்தார். பதவியேற்ற அன்று கல்கத்தா ஜனங்கள் கவர்னர் மாளிகைக்குள் வெள்ளமாகப் புகுந்துவிட்டார்கள். அத்தனை காலம் வெளியில் நின்று பார்த்த மாளிகை அல்லவா!

அதே ஊரில் பேலியகட்டாவில் காந்தி தங்கியிருந்தார். இந்து-முஸ்லிம் கலவரம் திரும்பவும் வெடித்தபோது செப்டம்பர் 1-ஆம் தேதி உண்ணாவிரதம் தொடங்கினார். அன்றிரவு கவர்னர் நேரில் போய், குண்டர்களுக்கு எதிராக உண்ணாவிரதம் இருந்து என்ன பயன் என்று வாதாடிப் பார்த்தார். காந்தி கேட்கவில்லை. மூன்று நாளில் ஊர் அடங்கியது. இந்த ஒரு வாதத்தில் மட்டும் தோற்றுப்போனதில் ராஜாஜிக்கு வருத்தம் இருந்திருக்காது.

1948 ஜூன் 21-ஆம் தேதி மவுண்ட்பேட்டனுக்குப் பின் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த ஒரே இந்தியர். 1950 ஜனவரி 26-ஆம் தேதி நாடு குடியரசானதும் பதவியே இல்லாமல் போனதால், கடைசி கவர்னர் ஜெனரலும் அவரேதான். டெல்லியில் அத்தனை பெரிய மாளிகையில் இருந்துகொண்டு தன் துணியைத் தானே துவைத்து, தன் செருப்பைத் தானே துடைத்தார் என்பார்கள்.

இதற்கிடையில் கவர்னர் என்பவர் யார் என்று அரசமைப்புச் சபையில் சூடாக விவாதம் நடந்தது. முதலில் எடுத்த முடிவு, மக்களே ஓட்டுப் போட்டு கவர்னரைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதுதான். 1949 மே மாதம் அதை மாற்றினார்கள். முதல்வரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர், கவர்னரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்றால் ஒரு உறையில் இரண்டு கத்தி ஆகிவிடுமே என்ற பயம். ஜனாதிபதி நியமிப்பார், ஜனாதிபதி விரும்பும்வரை இருப்பார் என்றாயிற்று. அந்த 'விரும்பும்வரை'யில்தான் பின்னால் வந்த தலைவலிகள் எல்லாம் ஒளிந்திருந்தன.

முதல் தலைவலி சென்னையிலேயே வந்தது. அதில் சிக்கியவரும் ராஜாஜியே. 1952 தேர்தலில் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152. பெரும்பான்மை இல்லை. தி. பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் கூடி, எங்களிடம்தான் ஆள் இருக்கிறது என்றார்கள். கவர்னர் ஸ்ரீபிரகாசா என்ன செய்தார்? தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியைச் சட்ட மேலவைக்கு நியமித்து, ஆட்சி அமைக்க அழைத்தார். இதை எதிர்த்து பி. ராமமூர்த்தி உயர் நீதிமன்றம் போனார். நீதிமன்றம் ஏற்கவில்லை. ஜூலை 3-ஆம் தேதி சட்டசபையில் 200-க்கு 151 என்று ராஜாஜி நம்பிக்கை ஓட்டில் ஜெயித்துவிட்டார். கவர்னரின் விசேஷ அதிகாரத்துக்கு எதிராக 1937-ல் மூன்று மாதம் வாசலில் நின்ற கட்சி, 1952-ல் கவர்னரின் தயவில் உள்ளே போனது. சட்டப்படி சரி என்று நீதிமன்றமே சொன்ன பிறகும், நியாயமா என்ற கேள்வி அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் அது தீரவில்லை.

வந்தவர்கள், போனவர்கள்

சுதந்திரத்துக்குப் பிறகு சென்னைக்கு வந்த முதல் இந்திய கவர்னர் பாவ்நகர் மகாராஜா கிருஷ்ணகுமார்சிங்ஜி. அடையாளத்துக்கு ஒரு ரூபாய் சம்பளம் வாங்கினார் என்பார்கள். 1964-ல் வந்தார் இன்னொரு மகாராஜா, மைசூரின் கடைசி மன்னர் ஜெயசாமராஜ உடையார். ஒரு காலத்தில் மைசூரிடம் இருந்த பாராமகால் மீது, ஒரு மைசூர் மன்னரின் பெயரில் மறுபடி ஆணைகள் வெளியாயின. இந்த முறை யுத்தம் எதுவும் வேண்டியிருக்கவில்லை, டெல்லியிலிருந்து ஒரு நியமன உத்தரவு போதுமாக இருந்தது. கர்நாடக இசையில் கீர்த்தனைகள் இயற்றிய அந்த மனிதர் கிண்டியில் இருந்தபோதுதான் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் தமிழகத்தைக் குலுக்கியது.

ஆட்டுக்குத் தாடியைப் போல நாட்டுக்கு கவர்னர் எதற்கு என்று கேட்ட அண்ணாவுக்கும், 1967 மார்ச்சில் பதவிப் பிரமாணம் செய்துவைக்க ஒரு கவர்னர், உஜ்ஜல் சிங், வேண்டியிருந்தார். அண்ணாவின் கேள்வியைக் காகிதத்தில் வடித்தது கருணாநிதி அரசு 1969-ல் அமைத்த ராஜமன்னார் குழு. குழுத் தலைவர் பி.வி. ராஜமன்னார், சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி. 1957-58-ல் சில மாதங்கள் தற்காலிக கவர்னராகவும் இருந்தவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவரே, மாநில அமைச்சரவையைக் கலந்துகொண்டுதான் ஜனாதிபதி கவர்னரை நியமிக்க வேண்டும் என்று 1971-ல் எழுதிக் கொடுத்தார். டெல்லி அதைக் கண்டுகொள்ளவில்லை.

1976 ஜனவரி 31-ஆம் தேதி தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. 1980 பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சி. 1988 ஜனவரியில் ஜானகி அம்மாளின் மூன்று வார ஆட்சி. நெருக்கடி நிலைக் காலத்தில் பரோடா டைனமைட் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டு, ஜனதா காலத்தில் இங்கே கவர்னரான காந்தியவாதி பிரபுதாஸ் பட்வாரியை 1980 அக்டோபரில் டெல்லி பதவியிலிருந்து நீக்கியது. காரணம் என்று எதுவும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் சட்டத்தில் இல்லை.

இந்த வரிசையில் வேறு மாதிரி நடந்துகொண்டவர் சுர்ஜித் சிங் பர்னாலா. 1991 ஜனவரி. தி.மு.க. அரசைக் கலைக்க டெல்லி முடிவு செய்துவிட்டது. வழக்கமாக கவர்னரிடமிருந்து, 'மாநிலத்தில் அரசமைப்புப்படி ஆட்சி நடக்கவில்லை' என்று ஓர் அறிக்கை வர வேண்டும். பர்னாலா எழுதித் தர மறுத்தார். 356-வது பிரிவில் 'கவர்னரின் அறிக்கையின் பேரிலோ, வேறு விதமாகவோ' என்று இருக்கிறது. அந்த 'வேறு விதமாகவோ'வைப் பிடித்துக்கொண்டு அறிக்கை இல்லாமலே ஆட்சியைக் கலைத்தார்கள். பர்னாலாவைப் பீகாருக்கு மாற்றினார்கள். அவர் போகவில்லை, ராஜினாமா செய்துவிட்டார்.

அவர் ஏன் மறுத்தார் என்பதற்கு அவருடைய சொந்த வாழ்க்கையில் ஒரு விடை இருக்கிறது. 1987-ல் பஞ்சாபில் அவர் முதல்வராக இருந்தபோது, இதே 356-ஆல் அவருடைய ஆட்சியே கலைக்கப்பட்டது. அந்த அடி எப்படி இருக்கும் என்று தெரிந்தவர். 2004-ல் அவர் மறுபடியும் தமிழகத்துக்கே கவர்னராக வந்து ஏழு வருஷம் இருந்தார்.

ஆட்சிக் கலைப்புக்கு ஓரளவு கடிவாளம் போட்டது எல்லைக்கு அந்தப் பக்கத்து வழக்கு. 1989 ஏப்ரலில் கர்நாடகத்தில் எஸ்.ஆர். பொம்மை ஆட்சியை, சட்டசபையில் பெரும்பான்மையைச் சோதிக்கவே விடாமல் கலைத்தார்கள். அதன்மீது 1994 மார்ச் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்ன தீர்ப்பு, பெரும்பான்மையை எண்ண வேண்டிய இடம் சட்டசபைதான், கவர்னர் மாளிகை அல்ல என்றது. அதன் பிறகு தமிழகத்தில் ஓர் ஆட்சியும் 356-ஆல் கலைக்கப்படவில்லை.

சட்டம் தெரிந்தவர் கவர்னரானால் தவறே நடக்காது என்றும் சொல்ல முடியாது. உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான பாத்திமா பீவி 1997-ல் இங்கே கவர்னர் ஆனார். 2001 மே மாதம், தண்டனை பெற்றதால் தேர்தலில் நிற்க முடியாமல் போன ஜெயலலிதாவுக்கு முதல்வராகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். அந்த நியமனம் செல்லாது என்று செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே சொன்னது. அதற்கு முன்பே, கருணாநிதி நள்ளிரவில் கைதான விவகாரத்தில் டெல்லியின் கோபத்துக்கு ஆளாகி, ஜூலையில் பீவி பதவி விலகியிருந்தார்.

கையெழுத்துக்குக் காத்திருப்பவை

இன்றைய சண்டை ஆட்சிக் கலைப்பைப் பற்றியது அல்ல, கையெழுத்தைப் பற்றியது. சட்டசபை நிறைவேற்றும் மசோதா சட்டமாக வேண்டுமானால் கவர்னரின் ஒப்புதல் வேண்டும். 200-வது பிரிவு, ஒப்புதல் தரலாம், நிறுத்திவைக்கலாம், ஜனாதிபதிக்கு அனுப்பலாம் என்கிறது. எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. தமிழகத்தில் அப்படிக் கிடந்து திரும்பி வந்த பத்து மசோதாக்களை 2023 நவம்பர் 18-ஆம் தேதி சட்டசபை மறுபடி நிறைவேற்றியது. கவர்னர் ஆர்.என். ரவி அவற்றை ஜனாதிபதிக்கு அனுப்பினார். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது.

2025 ஏப்ரல் 8-ஆம் தேதி, நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, அந்தப் பத்தும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றது. கவர்னருக்கும் ஜனாதிபதிக்கும் காலக்கெடுவும் வைத்தது. அதன் மேல் ஜனாதிபதி விளக்கம் கேட்க, அதே வருஷம் நவம்பர் 20-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் வேறு விதமாகக் கருத்துச் சொன்னார்கள். நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதிக்கொள்ளவும் முடியாது. காரணமில்லாமல் நெடுநாள் கிடப்பில் கிடந்தால், ஏதாவது ஒரு முடிவெடுங்கள் என்று மட்டும் சொல்லலாம். அதற்காக ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போட கவர்னருக்கு உரிமை உண்டு என்றும் அவர்கள் சொல்லவில்லை. நல்லெண்ணத்தை நம்பிய ஏற்பாடு அது. தமிழகத்தில் நல்லெண்ணம் எந்தப் பக்கமும் உபரியாக இல்லை என்பதுதான் சிக்கல்.

அந்தப் பத்தில் பெரும்பாலானவை பல்கலைக்கழகங்களின் துணைவேந்தரை நியமிப்பது கவர்னரா, மாநில அரசா என்பதைப் பற்றியவை. இந்த இழுபறியில் பல பல்கலைக்கழகங்களில் துணைவேந்தர் நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கலைக் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. நாகரசம்பட்டியிலிருந்து பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போய், மூன்று வருஷம் படித்து முடித்த பெண், ஓசூர் கம்பெனியில் வேலைக்கு எடுத்துக்கொண்டு போகும் பட்டச் சான்றிதழில் கீழே ஒரு கையெழுத்து இருக்க வேண்டும். அது துணைவேந்தருடையது.